அந்தச் 'சரி' யாருடையது?

18 வயதாகாத ஒருவர் தரும் சம்மதத்தைச் சம்மதம் என்றே சொல்ல முடியுமா? வேலைக்குப் போகும் வளரிளம் பிள்ளைகளைப் பற்றிச் சென்ற மாதம் இந்தப் பகுதியில் ஒரு பதில் எழுதினேன். அதன் பிறகு இந்தக் கேள்வியைத் தாங்கிய கடிதங்கள் நிற்கவே இல்லை. அவற்றில் ஆறு இங்கே. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை விட்டிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் 31 ஆண்டுகள் தொழிலாளர் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அதற்கு முன்பு, 15 வயதில், ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தவள்.

கேள்வி: சொந்தமாகப் பட்டறை நடத்துகிறேன். 15, 16 வயதுப் பையன்கள் மூவர் வேலை பழகுகிறார்கள். யாரையும் நான் இழுத்துவரவில்லை. அவர்களே வந்து கேட்டார்கள், பெற்றோரும் சம்மதித்தார்கள். விருப்பத்தோடு வந்தவனை வேலைக்கு வைத்தால் அது எப்படித் தவறாகும்?
– ஒரு பட்டறை உரிமையாளர்

பதில்: ஐயா, நீங்கள் யாரையும் இழுத்துவரவில்லை என்பதை நம்புகிறேன். நான் ஆய்வுக்குப் போன இடங்களில் இழுத்துவரப்பட்டவர்கள் மிகக் குறைவு. பணியில் சேர்ந்த முதல் சில ஆண்டுகள் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: "நீயாக விரும்பித்தான் வந்தாயா?" எல்லோரும் "ஆமாம்" என்றார்கள். படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது. குறியிட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவேன்.

உலோகச் சாமான்களுக்கு பாலிஷ் போடும் ஒரு பட்டறையில் ஒரு பையன் நின்றிருந்தான். கண்ணிமை மயிர்களில்கூடக் கரும்பொடி படிந்திருந்தது. என் கேள்விக்கு அவனும் "ஆமாம்" என்றான். ஆனால் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்ற உரிமையாளரைப் பார்த்துச் சொன்னான். என்ன தோன்றியதோ, அவனைக் குழாயடிக்கு அழைத்துப் போய் முகம் கழுவச் சொன்னேன். கழுவிக்கொண்டிருந்தவனிடம், "நாளைக்கு நீ வேலைக்கு வரவில்லை என்றால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். குழாயை மூடாமலே நிமிர்ந்தான். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "வீட்டில் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள்" என்றான். எவ்வளவு என்று அவனுக்குத் தெரியவில்லை. எப்போது கழியும் என்றும் தெரியவில்லை.

அன்றிலிருந்து முதல் கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிட்டேன். படிவத்தின் கட்டத்தில் குறியிட வேண்டியிருந்ததால் குறியிட்டேன், அவ்வளவுதான். இரண்டாவது கேள்வியைத்தான் கேட்டேன். அதற்கு ஒருவரும் சட்டென்று பதில் சொன்னதில்லை.

உங்கள் பட்டறைக்கு வருகிறேன். அந்த மூவரும் எந்த இயந்திரத்தில் நிற்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 138-ஆவது உடன்படிக்கை 1973-இல் வந்தது. வேலைக்கான குறைந்தபட்ச வயது 15 என்றும், கட்டாயக் கல்வி முடியும் வயதுக்கு அது குறையக் கூடாது என்றும் அது சொல்கிறது. வளர்ச்சி போதாத நாடுகள் தொடக்கத்தில் 14 என்று வைத்துக்கொள்ள இடம் தருகிறது. ஆனால் உடலுக்கோ மனத்துக்கோ ஆபத்தான வேலை என்றால் 18. முழுப் பாதுகாப்பும் முறையான பயிற்சியும் இருந்தால் மட்டும், கடுமையான நிபந்தனைகளோடு, 16. அந்த உடன்படிக்கையில் எங்கேயும் 'பிள்ளை சம்மதித்தால்' என்ற சொற்கள் வருவதில்லை. பெற்றோர் சம்மதித்தாலும் அந்த வரம்பு நகர்வதில்லை.

இதைக் கேட்டு வருத்தப்படும் உரிமையாளர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பையனுக்குப் புத்தி இல்லை என்று சட்டம் சொல்வதாக அவர்கள் நினைக்கிறார்கள். வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. பிரிட்டனில் 1833-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பெரும்பாலான நெசவாலைகளில் 9 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வைக்கக் கூடாது என்றது. 13 முதல் 18 வரை உள்ளவர்களுக்கு நாளைக்கு 12 மணி நேரம்தான் என்றது. நாடு முழுமைக்கும் நான்கே ஆய்வாளர்கள். பிறப்பைப் பதிவு செய்யும் அரசு முறை அப்போது இல்லை. இங்கிலாந்தில் அது 1837-இல்தான் தொடங்கியது. அதனால் மருத்துவர் ஒருவர் பிள்ளையின் தோற்றத்தையும் உயரத்தையும் பார்த்து வயதுச் சான்று எழுதினார். உயரத்தை நம்பினால் ஏமாறுகிறோம், பல்லைப் பாருங்கள் என்று எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர் 1837-இல் ஒரு சிறு நூலே எழுதி நாடாளுமன்றத்துக்கு முன் வைத்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லை எண்ணினார்கள்! நீ விரும்பி வந்தாயா என்று கேட்டு எழுதும் சான்று அந்த ஏற்பாட்டில் இல்லை. என் துறையின் முன்னோர்கள் செய்த அந்த வேலையைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். பிள்ளையின் அறிவை அளக்க அவர்கள் முயலவில்லை. ஆலைக்காரரின் கை எதுவரை நீளலாம் என்று கோடு போட்டார்கள். கோடு உங்களுக்காகப் போட்டது, ஐயா, அந்தப் பையன்களுக்காக அல்ல.

நீங்கள் மனச்சாட்சியோடு கேட்டிருப்பதால் சொல்கிறேன். பிள்ளைகளின் வீட்டுக்கு முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால், அதை வேலையோடு கட்டாத தனிக்கடனாக எழுதி மாற்றிவிடுங்கள். சம்பளத்தைப் பையனின் கையிலேயே கொடுங்கள். ஆபத்தான இயந்திரத்திலிருந்து அவர்களை இன்றே விலக்குங்கள். பிறகு மூவரையும் பெற்றோரோடு உட்காரவைத்து, "எப்போது வேண்டுமானாலும் நீங்கள் நின்றுகொள்ளலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டோம்" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவர்கள் காலையில் வந்து கதவைத் தட்டினால், அப்போது சொல்லுங்கள் விரும்பி வந்தார்கள் என்று.

கேள்வி: 25 வயதில்தான் மூளை முழு வளர்ச்சி அடைகிறது என்று படித்தேன். அப்படியானால் 18 வயதுக்காரரின் கையெழுத்தும் செல்லக் கூடாதே? 16 வயதில் வாக்குரிமை கொடுத்த நாடுகள் தவறு செய்துவிட்டனவா?
– ஒரு கல்லூரி மாணவி

பதில்: 25 என்பது ஒரு நள்ளிரவில் கதவு திறந்துகொள்ளும் வயது அல்ல, தங்கையே. வளர்ச்சி ஆளுக்கு ஆள் வேறுபடும், படிப்படியாக நடக்கும். ஆனால் உன் கேள்விக்குப் பயன்படும் ஓர் ஆய்வு இருக்கிறது. 11 நாடுகளில், 10 முதல் 30 வயது வரையுள்ள 5,000-க்கும் அதிகமானவர்களிடம் செய்யப்பட்டு 2019-இல் வெளியானது. லாரன்ஸ் ஸ்டைன்பர்க் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் செய்தது. நிதானமாக உட்கார்ந்து, தகவலைப் பார்த்து, நிறை குறைகளை எடைபோடும் திறன் ஏறத்தாழ 16 வயதிலேயே பெரியவர்களின் அளவை எட்டிவிடுகிறது. உணர்ச்சி பொங்கும்போதும், யாராவது பக்கத்தில் நின்று பார்க்கும்போதும், உடனே கிடைக்கும் பலன் கண்ணைப் பறிக்கும்போதும் தன்னை அடக்கிக்கொள்ளும் திறன் மட்டும் 18-ஐத் தாண்டியும் வளர்ந்துகொண்டே இருக்கிறது.

அவரே 2005-இல் இன்னொருவருடன் சேர்ந்து செய்த சோதனை இன்னும் எளிமையானது. கணினியில் ஒரு கார் விளையாட்டு: மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறாய்? 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியாக ஆடியதற்கும், நண்பர்கள் சூழ நின்று ஆடியதற்கும் பெரிய வேறுபாடு இருந்தது. நண்பர்கள் பார்த்தால் துணிச்சல் மிகுந்தது. 24 வயதைக் கடந்தவர்களிடம் அந்த வேறுபாடு இல்லை. அறிவில் குறையில்லை, சூழ நிற்பவர்களின் எடையைத் தாங்கத்தான் பயிற்சி போதவில்லை.

இப்போது வாக்குச்சாவடியை நினைத்துப் பார். மறைப்புக்குள் ஒருவர் தனியாக நிற்கிறார். பல வாரங்களாக யோசித்திருக்கிறார். அவரை யாரும் அவசரப்படுத்துவதில்லை. பிரேசில் 1988-இலும் ஆஸ்திரியா 2007-இலும் 16 வயதுக்காரர்களுக்கு வாக்குரிமை கொடுத்ததில் எனக்கு முரண்பாடு தெரியவில்லை. வேலைக்குச் சேரும் நாளையும் நினைத்துப் பார். எதிரே முதலாளி, பக்கத்தில் உறவினர், மேசையில் ஒரு தாள், வீட்டில் பணத் தேவை. ஒரே 16 வயதுதான். முதல் இடத்தில் அவர் பெரியவர், இரண்டாவது இடத்தில் இல்லை. வயதை மட்டும் பார்த்துக்கொண்டு நாம் சண்டை போடுகிறோம். அந்த அறையில் இன்னும் யார் யார் இருந்தார்கள் என்பதைப் பார்ப்பதில்லை.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. அவள் செய்யும் காணொளிகளை ஏராளமானோர் பார்க்கிறார்கள். விளம்பர வருமானமும் வருகிறது. கணக்கு என் பெயரில்தான் இருக்கிறது. மகிழ்ச்சியாகத்தான் செய்கிறாள். கொஞ்ச நாட்களாக என் மனைவிக்கு ஏதோ உறுத்தல். விளையாட்டாகச் செய்வது வேலையாகுமா?
– ஒரு தந்தை

பதில்: உங்கள் மனைவிக்கு உறுத்தியது சரியான இடத்தில் உறுத்தியிருக்கிறது.

ஜாக்கி கூகன் என்ற சிறுவனின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1914-இல் பிறந்தவர். ஆறு வயதிலேயே சாப்ளினுடன் நடித்து உலகப் புகழ் பெற்றார். அவனும் மகிழ்ச்சியாகத்தான் நடித்தான் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். அந்தக் காலத்தில் அவர் சம்பாதித்தது 30 முதல் 40 லட்சம் டாலர் வரை இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். 21 வயதானதும் தன் பணத்தைக் கேட்டார். இல்லை. பிள்ளை சம்பாதித்தது பெற்றோருக்கே சொந்தம் என்பதுதான் அன்றைய கலிபோர்னியச் சட்டம். 1938-இல் தாயின் மீதும் மாற்றாந்தந்தையின் மீதும் வழக்குப் போட்டார். கடைசியில் கைக்கு வந்தது சுமார் 1,26,000 டாலர். அந்த வழக்கு கிளப்பிய கொதிப்பில் 1939-இல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது. இன்று அவர் பெயராலேயே வழங்கும் அந்தச் சட்டத்தின்படி, நடிக்கும் பிள்ளையின் வருமானத்தில் 15 விழுக்காட்டை வேறு யாரும் தொட முடியாத கணக்கில் போட்டுவைக்க வேண்டும்.

பணத்தை முதலில் சொன்னதற்குக் காரணம், அது எளிதில் சரிசெய்யக்கூடியது என்பதுதான். மகளின் பெயரில், அவளுக்கு 18 ஆகும்வரை நீங்களும் எடுக்க முடியாத ஒரு கணக்கைத் தொடங்குங்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு.

மனிதர்களை வைத்து நடத்தும் மருத்துவ ஆய்வுகளில் ஒரு வழக்கம் உண்டு. உலக மருத்துவச் சங்கம் 1964-இல் வெளியிட்டுப் பலமுறை திருத்திய ஹெல்சிங்கி பிரகடனத்தில் அது எழுத்தில் இருக்கிறது. சட்டப்படி சம்மதம் தரத் தகுதியில்லாதவர், தனக்குப் புரிந்த அளவில் இசைவு தெரிவிக்கக்கூடியவராக இருந்தால், பாதுகாவலரின் சம்மதத்தோடு அவருடைய இசைவையும் கேட்க வேண்டும். அவர் மறுத்தால் அந்த மறுப்பை மதிக்க வேண்டும். இது எவ்வளவு நியாயமான கணக்கு என்று யோசித்துப் பாருங்கள்! பிள்ளையின் 'சரி' தனியாக நிற்காது, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று தாங்க வேண்டும். அவள் 'வேண்டாம்' என்றால் அதற்கு யாருடைய துணையும் தேவையில்லை.

ஆகவே உங்கள் மகள் மகிழ்ச்சியாகச் செய்கிறாளா என்று என்னிடம் கேட்காதீர்கள். கடைசியாக எப்போது "இன்றைக்கு வேண்டாம் அப்பா" என்றாள், அன்று நீங்கள் என்ன செய்தீர்கள்? "சரி, விடு" என்று விளக்கை அணைத்தீர்களா? "ஒன்றே ஒன்று, எல்லோரும் காத்திருக்கிறார்கள்" என்றீர்களா? இதுவரை அவள் 'வேண்டாம்' என்றே சொன்னதில்லை என்றால் எனக்கு இன்னும் கவலை. 14 வயதுப் பிள்ளை ஒரு காரியத்தில் ஒரு முறைகூடச் சலிக்கவில்லை என்றால், சலிப்பைச் சொல்ல அவளுக்கு இடமில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். அந்த மாதம் வீட்டில் யாருக்கு அதிகம் தவிப்பு என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: நான் 12 வயதில் வேலைக்குப் போனவன். அந்த உழைப்புதான் என்னை ஆளாக்கியது. இன்று நல்ல நிலையில் இருக்கிறேன். உங்களைப் போன்றவர்கள் பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வைத்துக் கெடுக்கிறீர்கள்.
– ஒரு மூத்த வாசகர்

பதில்: உங்கள் உழைப்பின் முன் தலை வணங்குகிறேன். 12 வயதில் விடியற்காலை எழுந்து வேலைக்கு ஓடிய பையனைச் சிறுமைப்படுத்தும் எண்ணம் எனக்கு இல்லை. நானும் அந்த வழியில் வந்தவள்தான்.

ஆனால் உங்களோடு அன்று வேலை செய்தவர்களில் எத்தனை பேர் இன்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதும் நிலையில் இருக்கிறார்கள்? என் அச்சகத்தில் என்னைவிட ஒரு வயது மூத்த பெண் ஒருத்தி இருந்தாள். தாள் வெட்டும் இயந்திரத்தில் வலது கை ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. மூன்றாம் நாளே வேலைக்கு வந்தாள். கட்டுப் போட்ட அந்த விரலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மற்ற நான்கு விரல்களால் அச்சிட்ட தாள்களை மடித்தாள். எல்லோரும் அவளைக் கெட்டிக்காரி என்று பாராட்டினோம், நானும் பாராட்டினேன். அவள் எங்கே இருக்கிறாள் என்று இன்று எனக்குத் தெரியாது. உழைப்பு ஆளாக்கியதா அழித்ததா என்று அவளும் சொல்ல வேண்டும் அல்லவா?

உழைக்கும் பிள்ளைகளே உங்கள் பக்கம் நின்றதும் உண்டு. பொலிவியாவில் வேலை செய்யும் சிறுவர் சிறுமியர் சங்கம் அமைத்து, எங்களைத் தடை செய்யாதீர்கள், பாதுகாப்புக் கொடுங்கள் என்று தெருவில் இறங்கினார்கள். 2014-இல் அந்த நாடு சொந்தமாக வேலை செய்வதற்கு 10 வயது, பிறரிடம் வேலை செய்வதற்கு 12 வயது என்று நிபந்தனைகளோடு சட்டத்தைத் தளர்த்தியது. 2018-இல் மீண்டும் 14-க்கு உயர்த்தியது. அந்தப் பிள்ளைகள் சொன்னதை என்னால் தள்ளிவிட முடியவில்லை. தடை போட்டதும் வீட்டுப் பசி நின்றுவிடுவதில்லை. பிள்ளை கண்ணுக்குத் தெரியாத மோசமான இடத்துக்குப் போகிறது. இது நான் என் பணியில் நேரில் கண்டது. ஆனால் அவர்கள் கேட்டது உழைப்பை மட்டுமா? தாங்கள் சொல்வதை யாராவது கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் கேட்டார்கள். அந்தப் பாதியை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. அதே 138-ஆவது உடன்படிக்கை, படிப்பும் உடல்நலமும் கெடாத இலேசான வேலையை 13 வயதிலிருந்தே அனுமதிக்க இடம் தருகிறது. நாங்கள் பயந்தது அதற்கு அல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யூனிசெப்பும் 2024-ஆம் ஆண்டுக்குச் செய்த மதிப்பீட்டின்படி உலகில் 13.8 கோடிப் பிள்ளைகள் குழந்தைத் தொழிலாளர்கள். அவர்களில் 5.4 கோடிப் பேர் இருப்பது ஆபத்தான வேலைகளில். நீங்கள் தப்பி வந்த அந்தப் பாதையில் இன்று நடப்பவர்கள் அவர்கள்.

கேள்வி: எனக்கு 15 வயது. காலில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார்கள். மருத்துவர் எல்லாவற்றையும் அம்மாவிடம்தான் சொல்கிறார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். என் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. கால் என்னுடையது. எனக்குச் சம்மதமா என்று ஒருவரும் கேட்கமாட்டார்களா?

பதில்: கேட்டே ஆக வேண்டும், மகளே. ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989-இல் வந்தது. அதன் 12-ஆவது பிரிவு, உன்னைப் பற்றிய எந்த விஷயத்திலும் உன் கருத்தைச் சொல்ல உனக்கு உரிமை உண்டு என்றும், உன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பை அதற்குக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பிரிட்டனில் 1985-இல் கில்லிக் வழக்கில் வந்த தீர்ப்பு ஒரு படி மேலே போனது: 16 வயதாகாதவரும், தனக்குச் செய்யப்போவது என்ன என்பதை முழுமையாகப் புரிந்துகொள்ளும் அறிவு பெற்றிருந்தால், சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். கையெழுத்து யார் போடுவது என்பது நாட்டுக்கு நாடு மாறும். கேள்வி கேட்க உனக்கு யாருடைய கையெழுத்தும் வேண்டாம். அடுத்த முறை போகும்போது தாளில் எழுதிக்கொண்டு போ: என்ன செய்வீர்கள், எவ்வளவு நாள் வலிக்கும், செய்யாவிட்டால் என்ன ஆகும், தள்ளிப்போடலாமா? அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, "இந்த முறை நான்தான் கேட்பேன்" என்று. மருத்துவர் அம்மாவைப் பார்த்துப் பதில் சொன்னால், அடுத்த கேள்வியையும் நீயே கேள்.

கேள்வி: எனக்கு 17 வயது. விடுமுறையில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். என் வேலை பிடித்துப்போய், இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். பள்ளிச் சான்றிதழ்களை அங்கே கொடுத்துவைக்க வேண்டுமாம். "நீ சின்னப் பையன், உனக்கு என்ன தெரியும்" என்கிறார் அப்பா. "நீ பெரிய ஆள், உன் முடிவை நீயே எடு" என்கிறார் மேலாளர். நான் யார் அம்மா?
– ஒரு மாணவன்

பதில்: தம்பி, உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

15 வயதில் அச்சகத்தில் நான் சேர்ந்த நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. மேசைமேல் தட்டச்சு செய்த ஒரு தாள். முதலாளி பேனாவின் மூடியைக் கழற்றி, முனை தன் பக்கமும் பிடி என் பக்கமுமாக நீட்டினார். பக்கத்தில் மாமா நின்றார். "படித்துப் பார்க்கிறாயா அம்மா?" என்று முதலாளி மரியாதையாகத்தான் கேட்டார். நான் "வேண்டாம்" என்றேன். எனக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை; வகுப்பில் முதல் மாணவி. அவர் முன்னால் நின்று படித்தால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடுமோ என்று கூசியது. மூடியைக் கழற்றிய பேனா காய்ந்துவிடுமே என்றுகூடத் தோன்றியது. கையெழுத்துப் போட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பெரிய மனுஷி என்றார் மாமா.

அடுத்த ஆண்டு தனியாகப் படித்துத் தேர்வு எழுத விரும்பி, நின்றுகொள்கிறேன் என்றேன். முதலாளி அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். மூன்று ஆண்டு, முன்னதாகப் போனால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும். நான் மூன்று ஆண்டும் இருந்தேன். பல ஆண்டுகள் கழித்துத் தொழிலாளர் சட்டம் படித்தபோதுதான் தெரிந்தது: பல நாடுகளின் சட்டத்தில், வயது வராதவர் போட்ட இப்படிப்பட்ட ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது. எதிரில் இருக்கும் பெரியவருக்கு அது தெரிந்திருக்கலாம். எனக்குத் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும். அந்தத் தாள் என்னைக் கட்டவில்லை, தம்பி. கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்ற என் வெட்கம் கட்டியது.

நீ யார் என்று கேட்டாய். நீ நன்றாக யோசிக்கக்கூடியவன். உன் கடிதமே சாட்சி. அப்பா சொன்னது தவறு. ஆனால் மேலாளர் சொன்னதில்தான் எனக்குப் பயம். உன்னைப் பெரிய ஆள் என்று சொல்பவர் பெரியவர்களிடம் கேட்காத ஒன்றை உன்னிடம் கேட்கிறார். அங்கே 40 வயதில் ஒருவர் சேர்ந்தால் அவருடைய அசல் சான்றிதழைக் கேட்பார்களா? விசாரித்துப் பார்.

படைக்கு ஆள் எடுப்பதற்கே உலகம் என்ன நிபந்தனை வைத்திருக்கிறது என்று சொல்கிறேன். குழந்தை உரிமைகள் உடன்படிக்கையோடு 2000-இல் சேர்க்கப்பட்ட நெறிமுறை ஒன்று, 18 ஆகாதவரைக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்கிறது. 16, 17 வயதில் தாமாக விரும்பி வருபவரை ஒரு நாடு சேர்த்துக்கொள்வதாக இருந்தால் நான்கு விஷயங்கள் உறுதியாக வேண்டும்: அது உண்மையிலேயே விருப்பமாக இருக்க வேண்டும், பெற்றோர் விவரம் அறிந்து சம்மதித்திருக்க வேண்டும், சேரப்போகும் பணியின் கடமைகள் முழுமையாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும், வயதுக்கு நம்பகமான சான்று வேண்டும். துப்பாக்கியைக் கையில் கொடுக்கிறவர்களிடமே இவ்வளவு கேட்கும்போது, உன் மேலாளரிடம் நீ கொஞ்சம் கேட்கலாம்.

"இந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு வருகிறேன்" என்று சொல். கூச்சமாக இருக்கும், எனக்கு இருந்தது. இருந்தாலும் சொல். உடனே போட வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் இருக்கிறது என்றால், தாளை அங்கேயே வைத்துவிட்டு வா. கொடுத்தால், அப்பாவிடம் கொண்டு போ. எனக்கு எல்லாம் தெரியும் என்று அவரிடம் வாதாடாதே. "அப்பா, இதை என்னோடு உட்கார்ந்து படியுங்கள்" என்று கேள். உன்னைச் சின்னப் பையன் என்று சொன்னவர், உன் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வரிகளைப் படிக்கும்போது என்ன சொல்கிறார் என்று பார். இரண்டு ஆண்டு என்று இருக்கும் இடத்தில், ஒரு மாதம் முன்னறிவித்து விலகலாம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். சான்றிதழ்களின் நகலைக் கொடு. அசலை யார் கேட்டாலும் கொடுக்காதே. படிப்புக்கு நேரம் ஒதுக்குவதை எழுத்தில் வாங்கு.

மேலாளர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது. அந்தத் தாளின் நகலையும் சேர்த்து அனுப்பு, நானும் படிக்கிறேன்.